மஞ்சக்கல் எஸ்டேட் ஷவர் கமிட்டி

தனசிங் வீட்டு ஷவர் அறையில் முதல் டைல் கழன்று விழுந்தது, தேயிலை விலை தரைதட்டிய வருடத்தில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்போம். மஞ்சக்கல் எஸ்டேட் நிர்வாகம் கேட்கவில்லை. அவர்களுக்கு எல்லாமே சம்பந்தம்தான்.

செல்போன் இன்னும் மலையேறியிராத காலம் அது. ஜெகதளாவிலும் இத்தலாரிலும் சின்னத் தோட்டக்காரர்கள், பறித்த கூலிக்குக்கூடக் கட்டாத பச்சைத் தேயிலையை மூட்டையோடு ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். பெரிய எஸ்டேட்டுகள் அப்படிக் கொட்ட முடியுமா? அவை கமிட்டி போட்டன. மஞ்சக்கல்லில் முதலில் நிறுத்தப்பட்டது, ஆபீசில் பதினோரு மணி டீயோடு தந்துவந்த பிஸ்கட். அது நிறுத்தப்பட்டதா என்று கண்காணிக்க ஒரு சிக்கனக் கமிட்டி அமைந்தது. கமிட்டி கூடும்போது மட்டும் பிஸ்கட் உண்டு என்று அதன் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் ஆயிற்று. அதனால் கமிட்டி அடிக்கடி கூடியது.

தனசிங்குக்கு பேக்டரியில் தூள் சலிக்கும் அறையில் சூப்பர்வைசர் வேலை. புருவத்தில் எப்போதும் மெல்லிசாகத் தேயிலைத் தூசி படிந்திருக்கும். யாரையும் எதிர்த்துப் பேசாதவர். பேசினாலும் சலிக்கும் எந்திரத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.

அவர் குடியிருந்த வீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் சின்ன துரைக்கு, அதாவது துணை மேனேஜருக்கு, கட்டிய பங்களாவைப் பிற்பாடு மூன்றாகத் தடுத்து குவார்ட்டர்ஸ் ஆக்கினார்கள். ஒரு குடும்பத்துக்குக் கணப்பு அடுப்போடு கூடிய ஹால் போயிற்று. பக்கத்து வீட்டு ஆயம்மாளுக்குக் குதிரை கட்டிய இடம் கிடைத்தது. தனசிங்கின் பங்கில் துரை குளித்த அறை வந்து சேர்ந்தது. சுவர் முழுக்கப் பாலாடை நிறத்து டைல். நெஞ்சு உயரத்தில் ஒரு வரிசை மட்டும் பச்சைக் கொடி ஓடும். மேலே, தூள் சலிக்கும் சல்லடை அகலத்துக்கு ஒரு ஷவர். கொல்லைப்புறத்து விறகு பாய்லரைப் பற்றவைத்துக் குழாயைத் திருகினால், எந்த மழைக்காலத்துக் குளிரும் முதுகை விட்டு இறங்கிப் போய்விடும்.

இப்போது டைல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சுவருக்குள்ளே எங்கோ ஒழுகி, அந்தப் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஈரம் பெரிய வரைபடம்போலப் பரவியது. அதன்மேல் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. அந்தச் சுவரோரம்தான் மகள் ஜெபிஷாவின் கட்டில்.

ஜெபிஷாவைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வரவேண்டிய மாசம் நெருங்கிவிட்டது. ஆனால் சம்பந்தியம்மா காதுக்கு ஈரச்சுவர் சமாச்சாரம் எப்படியோ எட்டிவிட்டது. ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டு, மரியாதை சொட்டச் சொட்டப் பேசினாள்.

"உங்கூட்டுல சொவரு ஓதமா இருக்குதுன்னு கேள்விப்பட்டனுங்க. மழை வேற, குளிரு வேற. பச்சைப்புள்ளைக்குச் சளி புடிச்சுதுன்னா கஷ்டமுங்களே. புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க. நாங்க பாத்துக்க மாட்டோமுங்களா?"

தனசிங்கின் மனைவி தபித்தாள் போனை வைத்துவிட்டு வந்தவள், அன்றைக்கு முழுக்கப் பாத்திரங்களைச் சத்தமாகவே கழுவினாள்.

"ஏனுங்க, எம்புள்ளைக்கு நான் ஒரு சொம்பு சுடுதண்ணி ஊத்தக்கூட வக்கில்லாதவன்னு சொல்லாமச் சொல்றாங்க. தலைப்பிரசவத்தையும் அங்கயே வெச்சுக்கிட்டா, அப்பறம் புள்ள எந்த மொகத்தோட இந்த ஊட்டுக்கு வருவா? நாளைக்கே அந்தச் சொவத்தச் சரி பண்ணுங்க."

தனசிங் எஸ்டேட் கொத்தனார் சங்கிலியைக் கூட்டிவந்து காட்டினார். சங்கிலி சுவரில் காதை வைத்துக் கேட்டான்.

"உள்ளாற கொழாய் வளையற எடத்துல எல்போ போயிருச்சுங்க சார். சொவத்தத் தொறந்து எல்போவ மாத்தி, டைலத் திரும்ப ஒட்டுனா முடிஞ்சுது. சின்ன வேலைதானுங்க."

"அப்ப ஒட்டுப்பா."

"கரண்டி இல்லீங்களே."

"எங்க போச்சு?"

"ஸ்டோர்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. சொவரு பூசற கொல்லூத்துக் கரண்டி வெளிய கெடந்தா செலவு வருமுன்னு கமிட்டி உள்ள வெச்சுருச்சுங்க."

"கரண்டி இல்லாம நீ தெனமும் என்னதான் வேலை பாக்கறே?"

"ஸ்டோர் வாசல்ல ஒக்காந்து கரண்டிக்குக் காவல் இருக்கறனுங்க," என்றான் சங்கிலி. சொல்லும்போது முகத்தில் துளி விசனம் இல்லை.

உத்தரவு இல்லாமல் குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணிகூட அடிக்க முடியாது. ஆலயத்தில் கொடுத்த காலண்டரை மாட்ட ஆணியடித்த ஒரு கிளார்க்குக்கு மெமோ கொடுத்த எஸ்டேட் அது. காலண்டரின் வருடம் முடிந்த பிறகும் விசாரணை முடியவில்லை. எனவே தனசிங் தலையை வாரிக்கொண்டு, கட்டடப் பராமரிப்பு அதிகாரி குமாரசாமியைப் பார்க்கப் போனார்.

குமாரசாமி அன்பானவர். யார் என்ன கேட்டு வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார். இல்லை என்பதைப் பிறகுதான் சொல்வார்.

"ஒக்காருங்க தனசிங். ஷவர்ங்களா? உங்க கிரேடுக்கு ஏதுங்க ஷவர்? சூப்பர்வைசர் கிரேடுக்கு பக்கெட்டும் மக்கும்தானுங்களே?"

"நான் குடி வரும்போதே இருந்துச்சுங்க சார்."

"இருந்துச்சு. சரி. நீங்க அதுல குளிச்சீங்களா?"

"குளிச்சனுங்க."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழமை கண்டிப்பா. மத்த நாள்ல… ஆமாங்க சார், தெனமும்."

குமாரசாமி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இத்தனை வருடமாக ஒரு சூப்பர்வைசர், துணை மேனேஜருடைய தண்ணீரில் குளித்திருக்கிறார். அது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"இதுல ரெண்டு வழி இருக்குதுங்க. ஒண்ணு, ஷவரை இடிக்கோணும். இடிக்க இப்ப நிதி இல்லீங்க. இல்லாட்டி உங்களைத் துணை மேனேஜரா ஆக்கோணும். அதுக்குச் சுத்தமா நிதி இல்லீங்க. விலை போற போக்கப் பாத்தீங்கள்ல? எல்லாரும் தியாகம் பண்ற காலமுங்க இது. என்னையே எடுத்துக்குங்க. பங்களாத் தோட்டத்துக்கு நாலு ஆள் வெச்சிருந்தேன். இப்ப மூணுதான். நாலாவது ஆளை சமையலுக்கு மாத்திட்டேன்."

"எனக்குக் கழண்ட டைல ஒட்டிக் குடுத்தாப் போதுமுங்க சார். பொண்ணு பிரசவத்துக்கு வருது."

"அதனாலதான் மூணாவது வழியச் சொல்றேன். சப்-கமிட்டி."

சிக்கனக் கமிட்டியின் வயிற்றிலிருந்து ஷவர் சப்-கமிட்டி பிறந்தது இப்படித்தான். ஜெபிஷாவுக்கு இன்னும் பிறக்கவில்லை.

கமிட்டி புதன்கிழமை வந்தது. குமாரசாமி தலைவர். நிபுணராக டீ டேஸ்டர் அலன். விலை விழுந்ததிலிருந்து ருசி பார்க்கும் அறையில் வேலை குறைந்துவிட்டது. கூர்மையான நாக்கு ஒன்று சும்மா கிடக்கிறதே என்று பெரிய துரைதான் அவரைக் கமிட்டியில் சேர்த்திருந்தார். எஸ்டேட்டில் மேனேஜரை இன்றைக்கும் பெரிய துரை என்றுதான் சொல்வார்கள். அலன் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் துப்புவதற்கான பித்தளைக் கிண்ணத்தை ஒருவர் சுமந்து வந்தார். அவருக்கும் பின்னால் பிஸ்கட் டின் வந்தது.

ஷூவோடு எல்லாரும் உள்ளே ஏறினார்கள். தரையில் தளர்ந்திருந்த இரண்டு டைல் குமாரசாமியின் காலடியில் உடைந்தன. "பாருங்க, எவ்வளவு மோசமா வெச்சிருக்காங்க," என்றார் அவர்.

அலன் ஒவ்வொரு டைலாக விரல் முட்டியால் தட்டினார். தட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். எஸ்டேட் ஆட்களுக்கு உலகத்தில் எதைக் கொடுத்தாலும் தரம் பிரிக்கத்தான் தெரியும். கிணீர் என்று சொன்ன டைல் "முதல் தரம்." கொஞ்சம் மந்தமாகச் சொன்னது "நடுத்தரம்." டொக்கென்று சொன்னது கடைசித் தரமான "டஸ்ட்." ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் குறி போட்டார்கள்.

பிறகு அலன் படுக்கையறைக்குப் போனார். ஈரச்சுவரில் கசிந்து இறங்கிய தண்ணீரை, தேயிலை ருசி பார்க்கும் ஸ்பூனில் பிடித்தார். தனசிங் தடுப்பதற்குள், தேயிலைச் சாயத்தை உறிஞ்சுவதுபோல் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் இரண்டு சுற்றுச் சுற்றி, பித்தளைக் கிண்ணத்தில் துப்பினார்.

"உடம்பு இருக்கு. ஆனா உயிர்ப்பு இல்லை," என்றார் அலன். "லேசா இரும்பு தட்டுது. ரெண்டாம் தரம்னு போட்டுக்கலாம்."

"ஒழுகறது ரெண்டாம் தரமாங்க?" என்று தபித்தாள் கேட்டாள்.

"வருத்தப்படாதீங்கம்மா," என்றார் குமாரசாமி கனிவாக. "போன வாரம் நம்ம பேக்டரித் தூளுக்கும் இதேதான் சொன்னாரு."

பிஸ்கட் சாப்பிட்டு முடித்து எழுந்துகொள்ளும்போது குமாரசாமி வாசலில் நின்று, "ஒரு சின்ன விஷயமுங்க," என்றார். "சாக்பீஸ் குறி அழியக் கூடாதுங்க. அடுத்த கூட்டத்துல பெரிய துரை பாக்கோணும். அதுவரைக்கும் ஷவர் ரூம்ல தண்ணி பொழங்காதீங்க."

"குளிக்கற ரூம்ல தண்ணி பொழங்காம வேற என்னங்க சார் பொழங்கறது?"

"அது உங்க குடும்ப விஷயமுங்கம்மா. அதுல நிர்வாகம் தலையிடாதுங்க."

கதவில் கயிறு கட்டி அரக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகு தனசிங் குடும்பம் சமையலறை மூலையில் பாத்திரம் கழுவும் இடத்தில் குளித்தது. தனசிங் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு ஆயம்மாள் தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விசாரிப்பாள்.

"என்னக்கா, இன்னிக்கு ரசத்துல சோப்பு வாசம் வருது?"

"கமிட்டி போட்ட ரசம்டி. அப்பிடித்தான் இருக்கும்," என்பாள் தபித்தாள்.

அடுத்த கூட்டம் பேக்டரி வாசலில் நடந்தது. எல்லாரையும் நிறுத்திவைத்து, பெரிய துரையே பேசினார். மழைக்கோட்டுக்குள் இருந்தபடியே நெடுநேரம் பேசினார்.

"நண்பர்களே, நாம் எல்லாரும் ஒரே கப்பலில் இருக்கிறோம். கப்பலில் ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்காக, மேல் தட்டில் இருப்பவர்களைக் கீழே வந்து தண்ணீர் இறைக்கச் சொல்ல முடியாது. ஏனென்றால், மேல் தட்டு காலியாகிவிடும். கப்பல் எங்கே போகிறது என்று பார்க்க ஆள் வேண்டாமா? நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

கைதட்டினார்கள். மழையில் கைதட்டினால் கொஞ்சம் சூடாகவாவது இருக்கும்.

"இந்த இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்திருக்கிறது," என்று பெரிய துரை தொடர்ந்தார். "நம் எஸ்டேட்டில், ஒரு சூப்பர்வைசரின் குளியலறையில், கப்பலில் வந்த சீமை டைல்கள் இருப்பதை நம் சப்-கமிட்டி கண்டுபிடித்திருக்கிறது. தேயிலை விற்கவில்லை. சரி. டைல் விற்கும். முதல் தரத்தையும் நடுத்தரத்தையும் கழற்றி, பெட்டி கட்டி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிறோம். டஸ்ட் மட்டும் சுவரிலேயே இருக்கட்டும். அதில் தனசிங்கின் குடும்பம் தாராளமாகக் குளித்துக்கொள்ளலாம்."

பக்கத்தில் நின்றவர்கள் தனசிங்கின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

ஒட்டுவதற்கு வராத கரண்டி, பெயர்ப்பதற்கு உடனே வெளியே வந்தது. ஸ்டோரில் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தார்கள். சங்கிலி அரக்கை உடைத்து உள்ளே போனான். இரண்டு நாளில் நல்ல டைல்கள் எல்லாம் பத்திரமாகக் கழன்றன. கெட்ட டைல்கள், பக்கத்தில் ஆள் இல்லாத துக்கத்தில் தாமாகவே விழுந்தன. பச்சைக் கொடி இருந்த இடத்தில் செங்கல் பல்லிளித்தது. சுவருக்கு நடுவில் குழாய் தெரிந்தது. குழாய் வளையும் இடத்தில் எல்போ சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த எல்போவையாவது மாத்திட்டுப் போயேன் சங்கிலி," என்றாள் தபித்தாள்.

"பெயர்க்கத்தானுங்க ஆர்டர். மாத்த ஆர்டர் இல்லீங்கக்கா," என்றான் சங்கிலி. போகும்போது எல்போவுக்குக் கீழே ஒரு பழைய துணியைச் சுற்றி, ஒரு டப்பா வைத்துவிட்டுப் போனான். அதற்கு ஆர்டர் தேவைப்படவில்லை.

டைல்களை வைக்கோல் பொதிந்து தேயிலைப் பெட்டியில் அடுக்கினார்கள். வெளியே எஸ்டேட் பெயரும் தரமும் மையால் அடித்து குன்னூருக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் ஏலத்தில் யாரும் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. வழக்கம்போல, கேட்பாரில்லை என்று குறித்து எல்லாப் பெட்டியோடும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே தேயிலை இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

பெட்டி திரும்பி வந்த அன்றைக்கே சம்பந்தியம்மாவும் போன் செய்தாள்.

"வர்ற சனிக்கெழமைக்கு அடுத்த சனி நானே நேர்ல வர்றனுங்க. ஊட்ட ஒரு கண்ணு பாத்துக்கறேன். தோதா இருந்தாப் புள்ளயக் கொண்டாந்து உட்டர்றேன். இல்லாட்டி மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

பின்னால் ஜெபிஷாவின் குரல் கேட்டது. "அம்மா, நான் அங்கதாம்மா வருவேன், எப்பிடி இருந்தாலும் வருவேன்!" அதோடு லைன் அறுந்துவிட்டது. தபித்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் செங்கல். சனிக்கிழமைக்கு அடுத்த சனி. யோசிக்க யோசிக்க அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் குமாரசாமி தனசிங்கைக் கூப்பிட்டனுப்பினார்.

"பெட்டி திரும்பி வந்துருச்சுங்க. திரும்பி வந்த சரக்க மறுபடி இருப்புல ஏத்த இப்ப தடை இருக்குதுங்க. இருப்பு கூடுனா வெல இன்னும் விழுமாம். அதனால அதைக் கழிவுன்னு முடிவு பண்ணியாச்சு. கழிவை அழிக்கறது உங்க டிபார்ட்மெண்டுங்களே?"

ஆமாம், அவருடையதுதான். பேக்டரியில் சலித்துத் தள்ளிய நாரும் தூசியும் கழிவுத் தேயிலை. அதை அப்படியே விட்டால், யாராவது அள்ளிக்கொண்டுபோய்ச் சாயம் போட்டு நல்ல தூள் என்று விற்றுவிடுவார்கள். ஆகவே அதில் சுண்ணாம்போ சாணியோ கலந்து, திரும்ப எடுக்க முடியாதபடி செய்து புதைத்துவிட வேண்டும். மாசாமாசம் தனசிங் முன்னால் நின்று செய்விக்கிற வேலை அது. ஆனால் டைலை யாரும் சாயம் போட்டுக் குடிக்கமாட்டார்களே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

"பெட்டிமேல எஸ்டேட் பேரும் தரமும் அடிச்சிருக்குதுங்க. அப்ப அது தேயிலைதானுங்க," என்றார் குமாரசாமி, அவர் முகத்தைப் பார்த்து. "முறைப்படி கலந்து அழிச்சுருங்க. சாணின்னா செலவு கம்மி."

தனசிங் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே இதைச் சொன்னார். தபித்தாள் அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டாள்.

"இருங்க. சுண்ணாம்பு கலந்து?"

"சுண்ணாம்போ சாணியோ."

"யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி?"

"ஆமா. புதைக்கோணும்."

"எங்க புதைக்கறதுன்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க. அது நம்ம பொறுப்பு."

தபித்தாள் அகப்பையை நீட்டி ஷவர் அறையைக் காட்டினாள். "ஏனுங்க, அந்தச் சொவத்துலயே புதைச்சா என்ன?"

தனசிங் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு அவருக்கு வியர்த்தது. "மெமோ வந்துரும் தபித்தா."

"வரட்டும். மெமோவ வெச்சு அடுப்பப் பத்த வெச்சு, எம்புள்ளைக்கு வெந்நி போடறேன். நீங்க போய்க் கேளுங்க. பயமா இருந்தா நானும் வர்றேன்."

இருவருமாகப் போனார்கள். தனசிங் வாயைத் திறந்தார். தபித்தாள்தான் பேசினாள்.

"சார், புதைக்கறதுக்கு எங்கூட்டுச் சொவத்துல குழி தயாரா இருக்குதுங்க. நீங்க தோண்டினதுதான்."

குமாரசாமி நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். அவர் மனதுக்குள் கணக்கு ஓடுவது வெளியே தெரிந்தது.

"தோட்டத்துல புதைச்சா ஆள் வெச்சுக் குழி வெட்டோணும். சொவத்துலன்னா குழி வெட்டற கூலி மிச்சம்!" அவர் எழுந்தே நின்றுவிட்டார். "தனசிங், இந்த யோசனை எனக்கு எப்பிடித் தோணுச்சுன்னே தெரியலீங்க!"

"எங்களுக்கும் தெரியலீங்க சார்," என்றாள் தபித்தாள்.

"ஆனா சாணிதான் செலவு கம்மி…"

தபித்தாளின் முகம் வெளுத்தது. அப்போதுதான் தனசிங், சர்வீஸிலேயே முதல் முறையாக, ஓர் அதிகாரி பேசும்போது குறுக்கே பேசினார்.

"சாணி சொவத்துல நிக்காதுங்க சார். காஞ்சு உதுந்துரும். டைலு முழுசா வெளிய வந்துரும். எவனாச்சும் எடுத்துட்டுப் போய் வித்துருவான். அப்பறம் நாம அழிச்சதா சொன்னது பொய்யாப் போயிருமுங்களே?"

குமாரசாமி நடுங்கிப்போனார். "வேண்டாமுங்க. சுண்ணாம்பே போடுங்க. தாராளமாப் போடுங்க. மணலும் சேத்துக்குங்க. ஒண்ணுகூட உசுரோட வெளிய வரக்கூடாது."

அழிப்பு வேலை திங்கட்கிழமை தொடங்கியது. கரண்டிக்கு ஆர்டர், சுண்ணாம்புக்கு ஆர்டர், மணலுக்கு ஆர்டர் எல்லாம் ஒரே காலையில் வந்து சேர்ந்தன. கட்டுவதற்குத்தான் கமிட்டி வேண்டும். அழிப்பதற்கு மஞ்சக்கல்லில் ஒருபோதும் தாமதம் ஆனதில்லை.

எல்போதான் பாக்கி. சங்கிலி தலையைச் சொறிந்துகொண்டு குமாரசாமியிடம் போய் நின்றான்.

"சார், உள்ளாற தண்ணி ஒழுகுதுங்க. ஒழுகுனா சுண்ணாம்பு எளகிருமுங்க. கழிவெல்லாம் மறுபடி நல்லதாயிருமுங்களே."

"அய்யய்யோ! மொதல்ல அந்த எல்போவ மாத்துப்பா!"

எல்போ மாறியது. ஒழுகல் நின்றது. சங்கிலி சுண்ணாம்பையும் மணலையும் சலித்துக் குழைத்தான். அது கெட்டியாகப் பிடிப்பதற்கு, தபித்தாள் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரை அதில் ஊற்றினாள். பிரசவ மருந்துக்கு என்று உடன்குடியிலிருந்து வரவழைத்து வைத்திருந்த கருப்பட்டியில் பாதியையும் உடைத்துப் போட்டாள். "பேரப்புள்ளை பாதி தின்னட்டும், சொவரு பாதி தின்னட்டும்," என்றாள். ஆயம்மாள் வேலி தாண்டி வந்து, சேலையைச் செருகிக்கொண்டு டைல்களைக் கழுவிக் கொடுத்தாள். "எங்கூட்டுலயும் ஏதாச்சும் அழிக்கறதுன்னா சொல்லுங்கக்கா, நானும் கத்துக்கறேன்."

நல்ல டைல்கள் போதவில்லை. இடைவெளிகளில் உடைந்த டைல்களின் துண்டுகளைச் சேர்த்துப் பதித்தார்கள். பச்சைக் கொடி பழையபடி நேராக ஓடவில்லை. ஓரிடத்தில் ஏறியது, ஓரிடத்தில் தலைகீழாகத் தொங்கியது, கடைசியில் ஷவர் குழாயைச் சுற்றிக்கொண்டு நின்றது. துரை இருந்தபோது இருந்ததைவிட இதுதான் கொடி மாதிரி இருக்கிறது என்றான் சங்கிலி. தனசிங் குன்னூர் சந்தைப் பையில் கத்தரிக்காய்க்கு அடியில் வெள்ளை சிமெண்ட் வாங்கிவந்து, இடுக்கெல்லாம் பூசினார். அறை காய்வதற்கு உள்ளே கரி அடுப்பை மூட்டி, ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். படுக்கையறைச் சுவரைச் சுரண்டி அதற்கும் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை கமிட்டி, அழிந்ததைப் பார்வையிட வந்தது. இந்த முறை பெரிய துரையும் வந்தார். அலன் ஒவ்வொரு டைலாகத் தட்டினார். எல்லாமே கிணீர் கிணீர் என்றன. அவர் குழம்பினார். "கழிவுதான். ஆனா இந்த வருஷம் நான் பார்த்ததிலேயே நல்ல கழிவு," என்று சொல்லிவைத்தார்.

குமாரசாமி பச்சைக் கொடியில் ஒரு டைலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. சாவியால் நெம்பினார். சாவி வளைந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அருமையா அழிச்சிருக்கீங்க தனசிங்! இனி ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாதுங்க."

பெரிய துரை எல்லாரையும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கி நிறுத்திப் பேசினார்.

"நண்பர்களே, இந்த வீழ்ச்சிக் காலத்தில் நாம் தொடங்கிய எந்தக் காரியமும் முடிந்ததில்லை. இது ஒன்றுதான் முழுசாக முடிந்திருக்கிறது. இதேபோல மற்றவற்றையும் அழிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்." அவர் மேலே பார்த்தார். "அது என்ன?"

"ஷவருங்க சார்," என்றார் தனசிங்.

"அதை ஏன் அழிக்கவில்லை?"

தபித்தாளின் கை தனசிங்கின் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தது.

"அது ஏலத்துக்குப் போகலீங்க சார்," என்றார் தனசிங். "ஏலத்துல விக்காம வந்தாத்தானுங்க கழிவு."

"சரியான பாயிண்ட்," என்றார் பெரிய துரை. எல்லாரும் பிஸ்கட் சாப்பிடக் கிளம்பினார்கள்.

சனிக்கிழமை சம்பந்தியம்மா வந்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் வளைவு வளைவாக ஏறியதில் முகம் வாடியிருந்தது. வந்ததும் படுக்கையறைக்குள் போய், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். புறங்கையை வைத்தும் பார்த்தாள். மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தாள். சுண்ணாம்பும் கருப்பட்டியும் மட்டும் மணத்தன. தபித்தாள் பாய்லரில் விறகைத் தள்ளிவிட்டு, தோளில் துண்டோடு வந்து நின்றாள்.

"பஸ்ஸுல வந்த அலுப்புக்கு ஒரு குளியல் போடுங்க சம்பந்தி."

உள்ளே போன சம்பந்தியம்மா நெடுநேரம் வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், சிவந்த முகமும் நீராவியுமாக வெளியே வந்தவள், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காபியை இரண்டு மடக்கு குடித்தாள்.

"புள்ளய வர்ற வாரமே அனுப்பறனுங்க," என்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "தொணைக்கு நானும் பத்து நாள் இருக்கலாமுன்னு பாக்கறேன்."

ஜெபிஷா வந்தாள். மழை ஓய்ந்து பனி இறங்கிய நாளில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, தினமும் காலையில் ஷவர் அறை முழுக்க நீராவி நிற்கும். உள்ளே தாயும் மகளும் சேர்ந்து போடும் சத்தம் ஆயம்மாள் வீடுவரை கேட்கும்.

அப்படி ஒரு காலையில்தான் குமாரசாமி கதவைத் தட்டினார். அழித்த கழிவு அழிந்தபடியே இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்ப்பது அவர் பொறுப்பு. உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குழந்தையைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டார், தபித்தாள் கொடுத்த காபியைக் குடித்தார். போகவில்லை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்கம்மா… எம்பட பங்களாலயும் ரொம்ப நாளா பாத்ரூம் ஒழுகுதுங்க. ஊட்டுக்காரி தெனமும் கத்தறா. நாலு தடவ எனக்கு நானே விண்ணப்பம் குடுத்தாச்சு, எல்லாத்தையும் நானே திருப்பி அனுப்பிட்டேன். தனசிங்குகிட்டச் சொல்லி, அங்கயும் கொஞ்சம் அழிச்சுக் குடுக்கச் சொல்றீங்களா?"

தபித்தாள் பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அவரை உட்காரச் சொன்னாள்.

"அதுக்கென்னங்க சார். முறைப்படி மொதல்ல எல்லாத்தையும் கழட்டி ஏலத்துக்கு அனுப்பிருங்க."